நிலத்தடிக் குழாய்களில் கசியும் குடிநீர்: அளப்பதும் அடக்குவதும்

சாலையின் நடுவே குடிநீர்க் குழாய் உடைந்து நீர் பீறிட்டால் அது செய்தியாகிறது. போக்குவரத்து நிற்கிறது, பலர் புகார் செய்கிறார்கள், பெரும்பாலும் அன்றைக்கே பள்ளம் தோண்டி உடைப்பை அடைத்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு நகரத்தின் குடிநீர் அமைப்பு ஆண்டு முழுவதும் இழக்கும் நீரில் பெரும்பங்கு இத்தகைய உடைப்புகளின் வழியே போவதில்லை. மணிக்கு 50 கன மீட்டர், அதாவது 50 ஆயிரம் லிட்டர் வீணாகும் பெரிய உடைப்பு ஒன்று பன்னிரண்டு மணி நேரத்தில் அடைக்கப்பட்டால், மொத்த இழப்பு 600 கன மீட்டர். அதே நகரத்தின் ஏதோ ஒரு தெருவில், வீட்டு இணைப்பின் மூட்டிலிருந்து மணிக்கு ஒரே ஒரு கன மீட்டர் கசிந்து, அது ஆறு மாதம் யார் கண்ணிலும் படாமல் ஓடினால் இழப்பு 4,320 கன மீட்டர். ஊரே கூடிப் பார்த்த உடைப்பைவிட யாரும் பார்க்காத கசிவு ஏழு மடங்கு நீரைக் கொண்டுபோயிருக்கும்.

ஆகவே கசிவின் அளவைத் தீர்மானிப்பவை மூன்று: துளையின் பரப்பு, குழாயிலுள்ள அழுத்தம், கசிவு ஓடிய காலம். துளையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மற்ற இரண்டையும் பற்றிப் பேசுவோர் குறைவு. கசிவு மேலாண்மை என்று பொறியாளர்கள் கூறுவது பெரும்பாலும் அந்த இரண்டைப் பற்றியதுதான்.

துளையின் ஆற்றலையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். நீரை 20 மீட்டர் உயரத்துக்கு எழுப்பக்கூடிய அழுத்தத்தை ‘20 மீட்டர் அழுத்தம்’ என்று சொல்வது வழக்கம். ஏறத்தாழ ஆறு மாடிக் கட்டிடத்தின் உச்சிவரை நீர் தானாக ஏறும் அழுத்தம் அது. அந்த அழுத்தத்தில் வெறும் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் துளை நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,000 லிட்டர் நீரை வெளியேற்றும். இந்திய நகரங்களுக்கான திட்ட அளவாகக் கொள்ளப்படும் தலைக்கு 135 லிட்டர் என்ற கணக்கில், அது ஐம்பது பேருக்கு மேற்பட்டோரின் ஒரு நாள் குடிநீர். இவ்வளவு நீர் எப்படி மண்ணுக்குள் மறைந்துபோகும் என்று கேட்கலாம். மணற்பாங்கான நிலமாக இருந்தால் நேரே கீழிறங்கிவிடும். களிமண்ணாக இருந்தாலும், குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் நிரப்பிய தளர்ந்த மண்ணின் வழியே நகர்ந்து, அருகிலுள்ள மழைநீர் வடிகாலையோ கழிவுநீர்க் குழாயையோ அடைந்து, அதோடு கலந்து போய்விடும். கோடையிலும் ஒரு வடிகாலில் தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருந்தால் அதைச் சந்தேகத்தோடு பார்ப்பது அனுபவமுள்ள குழாய்ப் பணியாளர்களின் வழக்கம்.

கசிவு ஓடிய காலத்தையும் மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். கசிவு தொடங்கியதிலிருந்து ‘ஏதோ கசிகிறது’ என்று நிர்வாகம் உணரும் வரை ஒரு காலம். உணர்ந்த பின் அது எந்த இடம் என்று கண்டுபிடிக்கும் வரை ஒரு காலம். கண்டுபிடித்த பின் தோண்டி அடைக்கும் வரை ஒரு காலம். மூன்றாவதைத்தான் நாம் எல்லோரும் குறை கூறுகிறோம். ஆனால் மண்ணுக்கு மேலே வராத கசிவுகளில் முதலாவதே மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அந்த முதற்காலத்தைச் சில நாட்களாகச் சுருக்குவதற்காகவே அளவீடு தேவைப்படுகிறது.

எவ்வளவு போகிறது என்ற கணக்கு

ஒரு நகரம் எவ்வளவு நீரை இழக்கிறது என்று அறிய, அனுப்பிய நீரிலிருந்து கட்டணம் பெற்ற நீரைக் கழித்தால் போதும் என்று தோன்றும். அப்படிக் கழித்து வருவதற்கு ‘வருவாய் தராத நீர்’ என்று பெயர். அதை முழுவதும் கசிவு என்று எண்ணுவது இத்துறையில் மிகப் பரவலான குழப்பம். 2000ஆம் ஆண்டில் பன்னாட்டு நீர்ச் சங்கம் வெளியிட்ட நீர்க்கணக்கு முறை இதை மூன்றாகப் பிரித்தது. முதலாவது, அனுமதியோடு கொடுத்தும் கட்டணம் வாங்காத நீர்: தீயணைப்பு, குழாய்களைக் கழுவுதல், பொதுக் குழாய்கள் போன்றவை. இரண்டாவது, கணக்கில் மட்டும் காணாமற்போகும் நீர்: திருட்டு இணைப்புகள், குறைத்துக் காட்டும் மீட்டர்கள், பில் போடுவதில் நேரும் தவறுகள். இந்த நீரை யாரோ பயன்படுத்திவிட்டார்கள், பணம்தான் வரவில்லை. மூன்றாவதே உண்மையான இழப்பு: மெயின் குழாய்க் கசிவு, தொட்டிகள் நிரம்பி வழிதல், மீட்டர் வரையிலான வீட்டு இணைப்புகளில் கசிவு. இரண்டாவதற்கு மருந்து நல்ல மீட்டரும் நேர்மையான அலுவலகமும். மூன்றாவதற்கு மருந்து வேறு. இரண்டையும் பிரிக்காமல் ‘40 விழுக்காடு வீண்’ என்று அறிவித்து, அதற்காகக் குழாய்களை மாற்றத் தொடங்கும் நகரம், பாதிப் பணத்தைத் தவறான இடத்தில் போடக்கூடும்.

மாதக் கடைசியில் வீட்டுச் செலவுக் கணக்கு பார்க்கும்போது எதில் போனதென்று தெரியாத தொகையையெல்லாம் ‘இதர செலவு’ என்று எழுதி முடிப்பதுபோல, இந்த முறையில் கசிவு என்பது மற்ற எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதாகவே கிடைக்கிறது. ஆகவே மேலே உள்ள எந்த எண்ணில் பிழை இருந்தாலும் அது கடைசி வரியில் வந்து சேரும். நீரேற்று நிலையத்திலுள்ள பெரிய மீட்டர் நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் அனுப்புவதாகக் காட்டி, அது 5 விழுக்காடு கூடுதலாகக் காட்டும் மீட்டராக இருந்தால், இல்லாத 5 லட்சம் லிட்டர் கசிவைத் தேடி ஆட்கள் தெருத்தெருவாக அலைவார்கள். வீடுகளுக்கு மீட்டரே இல்லாமல் மாதாந்திர நிலைக்கட்டணம் வாங்கும் ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். மக்கள் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பதும் ஊகம், அதிலிருந்து பெறப்படும் கசிவும் ஊகம்.

பின்னிரவில் ஓடும் நீர்

இந்த ஊகத்திலிருந்து வெளியேறும் வழி இங்கிலாந்தில் செம்மைப்படுத்தப்பட்டது. அங்கே நெடுங்காலம் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டர் கிடையாது. இன்றும் கணிசமான வீடுகளில் இல்லை. அதனால் பில்களை வைத்துக் கசிவைக் கண்டுபிடிக்க முடியாத நிலையில், வேறொரு கோணத்திலிருந்து அணுக வேண்டியிருந்தது. 1980இல் அந்நாட்டு நீர்த்துறை வெளியிட்ட கசிவுக் கட்டுப்பாட்டு அறிக்கை, குழாய் வலையைச் சிறு சிறு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நுழையும் நீரைத் தனியே அளக்கப் பரிந்துரைத்தது. ஓர் அளவீட்டு மண்டலத்தில் பொதுவாகச் சில நூறு முதல் மூவாயிரம் வரையான இணைப்புகள் இருக்கும். எல்லையிலுள்ள வால்வுகளை மூடிவிட்டு, ஒரே ஒரு குழாய் வழியே மட்டும் நீர் உள்ளே நுழையுமாறு செய்து, அந்த வாயிலில் மீட்டர் வைப்பார்கள்.

இதன் உயிர்நாடி பின்னிரவு 2 மணி முதல் 4 மணி வரையான நேரம். அப்போது ஊர் உறங்குகிறது. பயன்பாடு மிகக் குறைவு. ஆனால் கசிவு உறங்குவதில்லை. பகலில் நீர் நுகர்வினால் குழாய்களில் அழுத்தம் சற்றுக் குறைந்திருக்கும், இரவில் அது மீண்டும் உயர்வதால் கசிவு கூடுதலாகவே இருக்கும். ஆகவே அந்நேரத்தில் மண்டலத்துக்குள் நுழையும் நீரில் பெரும்பகுதி கசிவுதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1,500 வீடுகள் கொண்ட ஒரு மண்டலத்தின் வாயில் மீட்டர் பின்னிரவு 3 மணிக்கு, மணிக்கு 9 கன மீட்டர் நீரோட்டத்தைக் காட்டுகிறது என்று கொள்வோம். இரவிலும் யாரோ ஒருவர் கழிப்பறைக்குப் போவார், எங்கோ துணி துவைக்கும் இயந்திரம் ஓடும். இங்கிலாந்தில் 1990களில் இந்த நியாயமான இரவுப் பயன்பாட்டை வீடொன்றுக்கு மணிக்குச் சுமார் 1.7 லிட்டர் என்று கொண்டார்கள். அந்த அளவை எடுத்துக்கொண்டால் 1,500 வீடுகளுக்கு 2.55 கன மீட்டர். மண்டலத்திலுள்ள மருத்துவமனை ஒன்றின் இரவுப் பயன்பாடு 0.45 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 3 கன மீட்டர். மிஞ்சும் 6 கன மீட்டர் கசிவு. இதை நேரடியாக 24ஆல் பெருக்கிவிடக் கூடாது. பகலில் அழுத்தம் குறைவதால் கசிவும் குறையும். தொட்டியிலிருந்து தானாகவே நீர் இறங்கும் ஒரு மண்டலத்தில் 20 மணி நேரத்துக்குச் சமம் என்று எடுத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 120 கன மீட்டர் கசிகிறது. வீட்டு மீட்டர்களே இல்லாத ஊரிலும், ஒரு பில்லையும் புரட்டாமல் பெறக்கூடிய எண் இது. மனிதர்களின் பயன்பாட்டை ஊகித்ததில் சிறிது பிழை இருந்தாலும், அது 3 கன மீட்டர் மீதான பிழையே தவிர, ஒரு நாள் முழுவதற்குமான பயன்பாட்டின் மீதான பிழை அல்ல. இந்த முறையின் வலிமை அதுதான்.

எண்ணைவிட மதிப்பு வாய்ந்தது, அந்த எண்ணில் ஏற்படும் மாற்றம். பல வாரங்களாக 5 என்று இருந்த இரவு நீரோட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 7 ஆகி, அதன் பின் இறங்காமலேயே இருந்தால், அன்று எங்கோ ஒரு குழாய் விரிந்திருக்கிறது என்று பொருள். ஒருவரும் புகார் செய்யாத கசிவு தானாகவே தன் பிறந்தநாளைச் சொல்லிவிடுகிறது.

மண்டலம் தெரிந்தாலும் இடம் தெரியவில்லை. அதற்கு ஒரு பழைய முறை: இரவில் மண்டலத்தின் உட்புற வால்வுகளை, வாயிலிலிருந்து மிகத் தொலைவில் உள்ளதில் தொடங்கி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருவது. எந்த வால்வை மூடியபோது வாயில் மீட்டரின் ஓட்டம் சட்டென்று விழுகிறதோ, அந்த வால்வுக்கு அப்பாலுள்ள தெருவில் கசிவு இருக்கிறது. அதன் பின் காது. அழுத்தத்தோடு வெளியேறும் நீர் சீறும். அந்தச் சீற்றம் குழாயின் உலோகத்தின் வழியே பயணம் செய்யும். வால்வின் தலைமீது ஒரு கோலை ஊன்றி அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது நூறாண்டுக்கும் மேலான தொழில். இன்றும் அது வழக்கொழியவில்லை. தேர்ந்த காதுகளால் பயன்பாட்டு நீரோட்டத்தின் ஒலியையும் கசிவின் தொடர்ச் சீற்றத்தையும் பிரித்தறிய முடியும்.

கருவிகள் இதையே இன்னும் துல்லியமாகச் செய்கின்றன. 100 மீட்டர் இடைவெளியிலுள்ள இரண்டு வால்வுகளில் ஒலியுணரிகளை ஒட்டிவைத்து, ஒரே சீற்றம் இரண்டிலும் எவ்வளவு நேர வேறுபாட்டில் வந்தடைகிறது என்று பார்க்கிறார்கள். இரும்புக் குழாயில் ஒலி நொடிக்குச் சுமார் 1,200 மீட்டர் செல்லும். முதல் உணரியை ஒலி 0.05 நொடி முன்னதாக அடைந்தால், இரு தொலைவுகளுக்கும் உள்ள வேறுபாடு 60 மீட்டர். ஆகவே கசிவு முதல் வால்விலிருந்து 20 மீட்டரிலும் இரண்டாவதிலிருந்து 80 மீட்டரிலும் இருக்கிறது. அங்கே தோண்டலாம். ஆனால் வரைபடத்தில் இரும்பு என்று குறிக்கப்பட்ட அந்தக் குழாய் எப்போதோ பிளாஸ்டிக்காக மாற்றப்பட்டு, யாரும் அதைக் குறித்துவைக்காமல் விட்டிருந்தால்? பிளாஸ்டிக்கில் ஒலியின் வேகம் மிகக் குறைவு. நொடிக்கு 400 மீட்டர் என்று கொண்டால் அதே 0.05 நொடிக்கு, கசிவு முதல் வால்விலிருந்து 40 மீட்டரில் இருக்கும். நல்ல சாலையில் தவறான இடத்தில் ஒரு பள்ளம் விழும். கருவியின் விலையைப் பற்றி விவாதிக்கும் கூட்டங்களில் வரைபடத்தைச் சரிபார்ப்பது பற்றி யாரும் பேசாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. பிளாஸ்டிக் குழாய்கள் ஒலியை விரைவில் விழுங்கிவிடுவதால், அவற்றில் நைட்ரஜனுடன் சிறிதளவு ஹைட்ரஜன் கலந்த வாயுவைச் செலுத்தி, தரைக்கு மேலே அது எங்கே எழுகிறது என்று மோப்பக் கருவியால் தேடுவதும் உண்டு.

விழுக்காடு ஏன் ஏமாற்றும்

செய்திகளிலும் அரசு அறிக்கைகளிலும் கசிவு எப்போதும் விழுக்காட்டில்தான் வருகிறது. 2008இல் இந்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் வகுத்த சேவைத் தர அளவுகோல்களும் வருவாய் தராத நீரை 20 விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்கின்றன. பொதுமக்களுக்குச் சொல்ல அது எளிது. பொறியாளருக்கு அது பெரும்பாலும் பயனற்றது. நாளொன்றுக்கு 80 லட்சம் லிட்டர் பயன்படுத்தி 20 லட்சம் லிட்டர் கசியவிடும் ஊரின் கசிவு 20 விழுக்காடு. அங்கிருந்த ஆலை ஒன்று மூடப்பட்டு, பயன்பாடு 60 லட்சமாகக் குறைந்தால், ஒரு குழாயும் புதிதாக உடையாமலேயே கசிவு 25 விழுக்காடாகிவிடும். நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு மக்களைக் கேட்டு, அவர்களும் அப்படியே செய்துவிட்டால், நிர்வாகத்துக்குக் கெட்ட பெயர். மாறாக, பயன்பாடு தாறுமாறாகப் பெருகினால் கசிவு விழுக்காடு அழகாகக் குறைந்துவிடும்.

இதற்கு மாற்றாக, பன்னாட்டு நீர்ச் சங்கத்தின் பணிக்குழுவில் ஆலன் லாம்பர்ட் என்ற பொறியாளரும் சகாக்களும் 1999இல் ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்படும் அமைப்பில்கூடச் சிறிது கசிவு இருந்தே தீரும். அந்தத் தவிர்க்க முடியாத கசிவு எவ்வளவு என்பதை, நல்ல நிலையிலுள்ள பல குழாய் வலைகளின் தரவுகளிலிருந்து வகுத்தார்கள். ஒவ்வொரு மீட்டர் அழுத்தத்துக்கும், மெயின் குழாயின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கு நாளொன்றுக்கு 18 லிட்டர், ஒவ்வொரு இணைப்புக்கு 0.8 லிட்டர், வீட்டு எல்லைக்கு உள்ளே மீட்டர்வரை செல்லும் குழாய் இருந்தால் அதன் ஒவ்வொரு கிலோமீட்டருக்கு மேலும் 25 லிட்டர். நாம் பார்த்த மண்டலத்தில் 15 கிலோமீட்டர் குழாயும், எல்லையிலேயே மீட்டர் கொண்ட 1,500 இணைப்புகளும், 25 மீட்டர் சராசரி அழுத்தமும் இருந்தால், 270ஐயும் 1,200ஐயும் கூட்டி 25ஆல் பெருக்க, ஏறத்தாழ 37 கன மீட்டர் வரும். உண்மையில் கசிவது 120. தவிர்க்க முடியாததைப்போல மூன்று மடங்குக்குச் சற்றுக் கூடுதல். சிறு மண்டலங்களுக்கு இந்தச் சூத்திரத்தைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். ஆனாலும் இந்த மடங்கு எண், ஊர் சிக்கனமானதா ஊதாரியானதா என்பதைப் பொறுத்து மாறுவதில்லை, குழாயின் நிலையைப் பொறுத்தே மாறுகிறது.

அந்தச் சூத்திரத்தில் இன்னொன்றும் தெரிகிறது. கூட்டலில் இணைப்புகளின் பங்கு 1,200, மெயின் குழாயின் பங்கு 270. நெருக்கமான நகரங்களில் கசிவின் இருப்பிடம் பெரிய குழாய்கள் அல்ல. அவற்றில் துளையிட்டு வீட்டுக்கு எடுக்கும் மெல்லிய இணைப்புகளும் அவற்றின் மூட்டுகளும்தான். டோக்கியோ நகரம் 1980 முதல் வீட்டு இணைப்புகளின் பழைய ஈயக் குழாய்களை அகற்றித் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களைப் போடத் தொடங்கியதும், அங்கு கசிவு வெகுவாகக் குறைந்ததும் இந்தக் கணக்கோடு பொருந்துகின்றன.

அழுத்தம்

என்னிடம் கேட்டால், கசிவுக் கட்டுப்பாட்டில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் கருவி அழுத்தக் குறைப்பு வால்வுதான். எந்தத் துளை எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே எல்லாத் துளைகளின் கசிவையும் ஒரே நேரத்தில் குறைக்கும் வழி அது. இரும்புக் குழாயில் துருவால் விழுந்த வட்டத் துளை அழுத்தத்தால் விரிவதில்லை. அதில் கசிவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். அழுத்தத்தை 60 மீட்டரிலிருந்து 40 ஆகக் குறைத்தால் அதன் கசிவு 18 விழுக்காடு குறையும். பிளாஸ்டிக் குழாயின் நீளவாக்கில் விழுந்த கீறல் அப்படியல்ல. அழுத்தம் கூடக்கூட அதன் வாயும் திறக்கும். அங்கே அதே குறைப்பு கசிவை 45 விழுக்காட்டுக்கு மேல் குறைத்துவிடக்கூடும். பலவகைக் குழாய்கள் கலந்த ஒரு பெரிய வலையில், அழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் கசிவும் ஏறத்தாழ 10 விழுக்காடு குறையும் என்று கொள்வது நடைமுறை. புதிய உடைப்புகள் ஏற்படுவதும் குறையும் என்பது கூடுதல் லாபம்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரையொட்டிய கயெலிட்ஷாவில் 2001இல் செய்தது இதற்கு மிக அறியப்பட்ட உதாரணம். அங்கே இரவு நீரோட்டம் நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்திருந்தது. காரணம் தெருக் குழாய்களைவிட வீடுகளுக்குள்ளேயே இருந்தது: மலிவான கழிப்பறைத் தொட்டிகளும் குழாய்முனைகளும் இடைவிடாத உயர் அழுத்தத்தைத் தாங்காமல் பழுதாகி, இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன. வீடுவீடாகப் பழுதுபார்க்கும் பணி தொடங்கும் முன்பே, அப்பகுதிக்குள் நுழையும் பெருங்குழாய்களில் அழுத்தத்தைக் குறைத்து, இரவில் மேலும் குறைக்கும் அமைப்பை நிறுவினார்கள். ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் கன மீட்டர் நீர் மிச்சமானது.

அழுத்தத்தைக் குறைப்பதற்கும் எல்லை உண்டு. மண்டலத்தின் மிக உயரமான வீட்டுக்கும், தீயணைப்புக் குழாய்க்கும் போதுமான அழுத்தம் இருந்தாக வேண்டும். அதை மறந்துவிட்டுக் குறைத்தால், மேட்டுத் தெருக்காரர்கள் குழாயோடு மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சத் தொடங்குவார்கள்.

எதுவரை போவது, யார் செய்வது

கசிவைப் பூஜ்யமாக்க எந்த நகரமும் முயல்வதில்லை. முதல் லட்சம் லிட்டரை மீட்பது மலிவு. கடைசி லட்சம் லிட்டரை மீட்பது, புதிய நீராதாரத்திலிருந்து அதே நீரைக் கொண்டுவருவதைவிட அதிகச் செலவாகும். இரண்டு செலவுகளும் சமமாகும் இடத்தோடு நிற்பதே பொருளாதார அறிவு என்று இங்கிலாந்தின் தனியார் நீர் நிறுவனங்கள் நீண்டகாலம் வாதிட்டன. 1994–95இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் நாளொன்றுக்குச் சுமார் 510 கோடி லிட்டர் கசிந்தது. 1995இல் யார்க்‌ஷைர் வறட்சியில் தண்ணீர் லாரிகள் இரவு பகலாக ஓடியபோது, குழாய்களில் இவ்வளவு கசியவிட்டு மக்களைச் சிக்கனமாக இருக்கச் சொல்வதா என்ற கேள்வி எழுந்தது. 1997இல் புதிய அரசு கட்டாய இலக்குகளைக் கொண்டுவந்தது. இன்று அங்கே கசிவு சுமார் 300 கோடி லிட்டர். 2017–18ஆம் ஆண்டின் அளவை 2050க்குள் பாதியாக்குவது இலக்கு. பொருளாதாரக் கணக்கு தவறல்ல. ஆனால் அதில் வறட்சியின் விலையையும் மக்களின் நம்பிக்கையின் விலையையும் எவ்வளவு என்று போடுவது என்பதில்தான் விடை தங்கியிருக்கிறது.

பணக்கார நாடுகளுக்கே இது சாத்தியம் என்போருக்குப் பதில் கம்போடியாவின் புனோம்பென். போராலும் கெமர் ரூஜ் ஆட்சியாலும் சிதைந்த அந்நகரில் 1993இல் அனுப்பிய நீரில் 72 விழுக்காட்டுக்கு வருவாயே இல்லை. அவ்வாண்டு நகரின் குடிநீர் நிறுவனத் தலைவராகப் பொறுப்பேற்ற எக் சோன் சான் முதலில் கையிலெடுத்தது குழாயை அல்ல, வாடிக்கையாளர் பட்டியலை. இல்லாத வீடுகள் பட்டியலில் இருந்தன. இருந்த வீடுகள் பட்டியலில் இல்லை. எல்லா இணைப்புகளுக்கும் மீட்டர் வந்தது. திருட்டு இணைப்புகள் வெட்டப்பட்டன, அவற்றுக்குத் துணைபோன ஊழியர்களும் தண்டிக்கப்பட்டார்கள். கட்டணம் கட்ட மறுத்த ராணுவ உயரதிகாரி ஒருவர் எக் சோன் சானின் தலையில் துப்பாக்கியை வைத்து மிரட்டியதைச் சானே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வருவாய் வந்த பிறகு பழைய குழாய்கள் மாற்றப்பட்டன, வலை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது, இரவு பகலாகப் பழுதுபார்க்கும் குழுக்கள் அமைக்கப்பட்டன. சுமார் பதினைந்து ஆண்டுகளில் 72 என்பது ஏறத்தாழ 6 ஆனது. 24 மணி நேர விநியோகமும் வந்தது. எக் சோன் சானுக்கு 2006இல் மகசேசே விருது வழங்கப்பட்டது. மேலே விழுக்காட்டைக் குறைகூறிவிட்டு இங்கே அதையே மேற்கோள் காட்டுவதாக வாசகர் நினைக்கலாம். இவ்வளவு பெரிய மாற்றத்தை எந்தக் கோலால் அளந்தாலும் அது தெரியும்.

இதுவரை சொன்னவை அனைத்தும் குழாயில் எப்போதும் நீர் இருக்கிறது என்ற அடிப்படையில் அமைந்தவை. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் நீர் தினமும் சில மணி நேரமோ, ஒருநாள் விட்டு ஒருநாளோ, இன்னும் நீண்ட இடைவெளியிலோ வருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் இரவு நீரோட்டம் அப்படியே பயன்படாது. நீர் திறந்துவிடப்படுவது இரவாக இருந்தால், அப்போதுதான் ஒவ்வொரு வீட்டின் தரைத்தொட்டியும் நிரம்பிக்கொண்டிருக்கும். அதைக் கசிவென்று எண்ணிவிடக் கூடாது. தொட்டி நிரம்பும் தறுவாயில் மிதவை வால்வு மெல்ல மூடும்போது நீர் மிக மெதுவாக நுழையும். அந்த மெல்லிய ஓட்டத்தில் பல வீட்டு மீட்டர்கள் சுழலவே சுழலாது, ஆகவே கணக்கு இழப்பும் கூடும். நிரம்பியும் காலியாகியும் மாறிமாறி வரும் குழாய்கள் அழுத்த அதிர்ச்சிகளால் விரைவில் பழுதாகின்றன. நீரில்லாத மணி நேரங்களில், கசிவுத் துளைகளே எதிர்த்திசையில் வேலைசெய்து, சுற்றியுள்ள கழிவுநீரை உள்ளே இழுக்கின்றன. விட்டுவிட்டு நீர் கொடுத்தால் கசிவு குறையும் என்று வாதிடுபவர்கள், கசியும் மணி நேரம் குறைவதை மட்டுமே பார்க்கிறார்கள்.

அப்படியிருந்தும் இங்கே அளக்க முடியாது என்றில்லை. ஒரு மண்டலத்துக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நீர் கொடுத்தால், தரைத்தொட்டிகள் எல்லாம் நிரம்பி மிதவை வால்வுகள் மூடிவிடும். அதற்குப் பிறகு வரும் பின்னிரவு நீரோட்டத்தை மேலே சொன்ன முறையிலேயே படிக்கலாம். அதற்கு முன் எல்லை வால்வுகள் உண்மையிலேயே மூடியிருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும்: வாயில் வால்வை அடைத்துவிட்டுப் பார்க்கும்போது மண்டலத்தின் அழுத்தம் சில நிமிடங்களில் பூஜ்யத்துக்கு இறங்காவிட்டால், யாருக்கும் தெரியாத வேறொரு குழாய் வழியே நீர் உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

மீட்டர் வாங்கப் பணமில்லாத சிறு பேரூராட்சிக்கும் ஒரு வழி உண்டு: மேல்நிலைத் தொட்டியே அளவுப் பாத்திரமாகும். நூறு சதுர மீட்டர் தளப்பரப்பு கொண்ட தொட்டியில், வீட்டுத் தொட்டிகள் நிரம்பிய ஓர் இரவில், உள்வரும் குழாயை மூடிவிட்டு அளவுகோலால் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் மட்டம் 6 சென்டிமீட்டர் இறங்கியிருப்பது 6 கன மீட்டர் வெளியேறியிருப்பதைக் காட்டும். மறுநாள் இரவு வெளியேறும் குழாயையும் மூடிவிட்டு மீண்டும் ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். அப்போதும் மட்டம் இறங்கினால், கசிவது தெருக் குழாய் மட்டுமல்ல, தொட்டியும்தான்.